ஓர் இரவு முகாமுக்கு முன்னால்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வத்தல்மலையில் ஓர் இரவு தங்கவைத்து அறிவியல் முகாம் நடத்த அனுமதி கிடைத்ததும், பெற்றோருக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். தொலைநோக்கி, மண் ஆய்வு, பறவை பார்த்தல் என்று நல்ல நல்ல சொற்களாகப் போட்டு ஒரு பக்கத்துக்கு எழுதி, அடியில் கையெழுத்துக்குக் கோடு இழுத்து, இருபத்தாறு பிள்ளைகளிடமும் கொடுத்தனுப்பினேன். மறுநாள் ஒன்பது கடிதம்தான் திரும்பி வந்தது. அதிலும் இரண்டில் பிள்ளைகளே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வருடம் முழுக்க நோட்டுத் திருத்துகிறவளுக்கு அந்தக் கையெழுத்து தெரியாதா?

அரூரிலிருந்து பொம்மிடி போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் பள்ளி. சுற்றிலும் மரவள்ளிக் காடும் தக்காளிக் காடும்தான். பெற்றோரில் பாதிப் பேர் காட்டு வேலைக்குப் போகிறவர்கள்; மீதிப் பேரில் ஆண்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள், பெண்கள் பிள்ளைகளோடு ஊரில் இருப்பார்கள். கடிதங்களைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"காயிதத்த நம்பாதீங்க டீச்சர். கூப்பிட்டுப் பேசுங்க. நாலு மணிக்கு வெச்சா ஒருத்தரும் வரமாட்டாங்க. ஆறு மணிக்கு வைங்க, வேலைக்குப் போனவங்க வந்து மூஞ்சி கழுவினு வரட்டும்."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வகுப்பறை நிறைந்துவிட்டது. பெஞ்சுகளில் பெண்கள், பின்சுவரோரம் ஆண்கள். தக்காளி பறித்துவிட்டு நேராக வந்த இரண்டு பேருடைய விரல்களில் செடியின் பச்சைக் கறை காய்ந்து கருத்திருந்தது. நான் கரும்பலகையில் நிலாவைப் பெரிதாக வரைந்தேன். அதில் இருக்கும் பள்ளங்களைத் தொலைநோக்கியில் பிள்ளைகள் எப்படிப் பார்க்கப் போகிறார்கள் என்று பத்து நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைத்தேன்.

"யாருக்காவது ஏதாவது கேட்கணுமா?" என்றேன்.

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். ஊராட்சிக் கூட்டமானாலும் ரேஷன் கடையானாலும் முதல் குரல் அவருடையதாகத்தான் இருக்கும். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள்.

"எல்லாஞ் சரிங்க டீச்சர். அங்க கக்கூசு இருக்குதுங்களா?"

"இருக்குங்க."

"உள்பக்கம் தாப்பா இருக்குதுங்களா?"

"இருக்கும்."

"இருக்கும்னா என்னாங்க அர்த்தம்? நீங்க போயி பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. நாங்கள் தங்கப் போகும் கட்டடத்தின் புகைப்படத்தைக் கைபேசியில் பார்த்ததோடு சரி. அதைச் சொன்னதும் அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதன்பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. பாம்பு வருமா? பொட்டப் புள்ளைங்க எந்த ரூம், பசங்க எந்த ரூம், நடுவில் யார் படுப்பீர்கள்? போன் எடுக்குமா? ஓர் அம்மா, "எம் பையன் எஞ் சீலத் தலப்பப் புடிச்சினுதாங்க தூங்குவான். ராத்திரி முழிச்சித் தேடுனான்னா என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டபோது, ஜன்னலுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பையன் தலையைக் கீழே இழுத்துக்கொண்டான். ஒருவர்கூட நிலாவைப் பற்றிக் கேட்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நானும் ஒரு பெண்ணுக்குத் தாய்தான். என் மகளை யாராவது இப்படிக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தால் நானும் தாழ்ப்பாளைத்தான் கேட்டிருப்பேன்.

"ஞாயிற்றுக்கிழமை நான் மலைக்குப் போய்ப் பார்த்துட்டு வரப்போறேன். யார் வேணும்னாலும் என்கூட வாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். தாழ்ப்பாள் கேட்ட அம்மா முதலில் வந்து நின்றிருந்தார். அரூரில் மெத்தை தைக்கும் கடை வைத்திருந்த ஓர் அப்பா, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். மூன்றாவதாக வந்த அம்மா கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றுமே கேட்காமல் போனவர். அவருடைய மகள் என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறவள், ஒல்லியானவள். நான் ஒன்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் அதற்கும் ஏன் என்று கேட்பாள். அவளுடைய கடிதம் திரும்பி வராதது எனக்கு மற்றவற்றைவிட அதிகமாக உறுத்திக்கொண்டிருந்தது.

தர்மபுரி போய் மலைக்கு ஏறும் பஸ்ஸைப் பிடித்தோம். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் தாழ்ப்பாள் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மேலே இறங்கியதும் முதல் வேலையாகக் கழிப்பறையைத் தேடிப் போனார். இரண்டில் ஒன்றின் தாழ்ப்பாள் வளைந்து குழிக்குள் இறங்காமல் நின்றது. மெத்தைக் கடைக்காரர் ஒரு கல்லை எடுத்து நாலு தட்டுத் தட்டி நிமிர்த்தினார். அந்த அம்மா உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, "இப்ப வெளிய இருந்து தள்ளுங்க பாக்கலாம்" என்று சத்தம் போட்டார். நான் தள்ளினேன். "இன்னும் பலமாத் தள்ளுங்க டீச்சர், சாப்பிடலையா நீங்க?" தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கதவு அசையவில்லை. அவர் வெளியே வந்து, "சரி, தேவலை" என்றார். அந்த முகாமுக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அதுதான்.

மெத்தைக் கடைக்காரர் பிள்ளைகள் படுக்கப் போகும் அறையில் தரையில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். "மாசி மாசக் குளிருங்க. போர்வை ரெண்டு இருந்தாலும் கீழ இருந்து ஏறும். அடியில தார்ப்பாய் விரிச்சி, மேல ஜமுக்காளம் போடணும். தார்ப்பாய் நான் கொண்டாந்து தர்றேன்" என்றார். போன் கட்டடத்துக்குள் எடுக்கவில்லை. பத்து நிமிடம் நடந்து ஒரு பாறைமேல் ஏறி நின்றால் எடுத்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

பேசாத அம்மா எல்லா இடத்துக்கும் எங்கள் பின்னாலேயே வந்தார். சமையலறையில் மட்டும், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"இங்க ஃபிரிட்ஜு எதுனா இருக்குதுங்களா?"

"ஃபிரிட்ஜா? இந்த ஊரே ஃபிரிட்ஜுதாம்மா. சாயங்காலம் வந்து பாரு!" என்று அந்தப் பெண் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பால் கெட்டுவிடும் என்று கவலைப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பத்து நாள் வீட்டுப்பாடம் கொடுத்தேன். தனிப் பாயில் தனியாகத் தூங்க வேண்டும். போர்வையைத் தானே மடிக்க வேண்டும். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டும். பெண் பிள்ளைகள் தலையைத் தாங்களே பின்னிக்கொள்ள வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பாடம் இருந்தது: இதையெல்லாம் அவர்கள் செய்யும்போது குறுக்கே போகாமல் சும்மா இருக்க வேண்டும். இரண்டாவது பாடம்தான் கஷ்டமாக இருந்தது என்பது பெற்றோர் வாட்ஸாப் குழுவில் வந்த குரல் பதிவுகளில் தெரிந்தது. "டீச்சர், அவ பின்னுன சடைய நீங்க பாக்கணும். காக்கா கூடு தோத்துரும். நா கைய வெக்கலைங்க, பல்லக் கடிச்சினு இருந்தேன்" என்றார் ஒருவர். சேலைத் தலைப்புப் பையனின் அம்மா ஐந்தாம் நாள் அனுப்பிய பதிவு இது: "நேத்து அவம் பாட்டுக்குத் திரும்பிப் படுத்துத் தூங்கிட்டானுங்க. எனக்குத்தான் தூக்கமே வரல."

என் வீட்டிலும் ஒரு கூட்டம் தேவைப்பட்டது. நான்காம் வகுப்புப் படிக்கும் மகளின் சனிக்கிழமை டான்ஸ் வகுப்பு எத்தனை மணிக்கு, அவளுக்கு எந்தத் தண்ணீர் பாட்டில், மாவு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று என் கணவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நானும் இந்த வூட்லதான் பதினோரு வருசமா இருக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு, மாவுப் பாத்திரம் எது என்று மறுபடியும் கேட்டார்.

அந்த வாரக் கடைசிக்குள் இருபத்தைந்து கடிதம் வந்துவிட்டது. வராதது அந்தப் பேசாத அம்மாவுடையது மட்டும்தான். மகளிடம் கேட்டால், "அம்மா இன்னும் யோசிக்கறாங்க மிஸ்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். மலைக்கே வந்து எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்த்தவர் இன்னும் எதை யோசிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பெண் பிள்ளை என்பதால் யாரோ சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு, அதற்கு என்னென்ன பேசுவது என்று மனதுக்குள் தயார் செய்துகொண்டு, அன்று பள்ளி விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

மரவள்ளிக் காட்டை ஒட்டிய சிமெண்ட் ஷீட் வீடு. வாசலில் சாக்கை விரித்து அவர் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஏங்க அனுப்ப மாட்டேங்கறீங்க? ஒரு நாள்தானே?"

"அவளுக்கு வண்டி ஒத்துக்காதுங்க டீச்சர். வாந்தி எடுப்பா."

"பாதிப் பிள்ளைங்க எடுக்கத்தான் போறாங்க. அதுக்கு எலுமிச்சம்பழமும் கவரும் வெச்சிருக்கேன்."

உள்ளறையிலிருந்து மகள் வந்து கதவோரம் நின்றாள்.

"அம்மா, சொல்லிரும்மா."

"நீ உள்ள போ."

"நீ சொல்லலன்னா நா சொல்லுவேன்."

அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். அடுப்படி மூலையில் ஈர மணல் நிரப்பிய ஓர் அகலச் சட்டி இருந்தது. அதன் நடுவில் புதைத்து வைத்திருந்த சிறிய மண் குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு சின்னக் கண்ணாடி மருந்துப் புட்டிகள் இருந்தன.

"சக்கரைங்க டீச்சர். மூணு வருசமாச்சு."

"உங்களுக்கா?" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அது தெரிந்ததாம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், குச்சியாக இளைத்தாள், ஒருநாள் மயங்கி விழுந்தாள். தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து காலை சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, இரவு சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று என்று இன்சுலின் ஊசி. மருந்து கெடாமல் இருக்கக் குளிர்ச்சியிலேயே வைக்க வேண்டும்; மலையில் அவர் ஃபிரிட்ஜைக் கேட்டது அதற்குத்தான். அப்பா பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மூன்று வருடமாக எல்லா ஊசியும் அம்மா கையால்தான். அதனால் அவர் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஓர் இரவு தங்கியதில்லை. சொந்தக்காரர்களிடம், "ரத்தம் கம்மி, சத்து ஊசி போடறோம்" என்று சொல்லி வைத்திருந்தார்.

"சக்கரைன்னா வயசானவங்களுக்கு வர்றதுன்னுதாங்க எல்லாரும் நெனைக்கறாங்க. சின்னப் புள்ளைக்குன்னு தெரிஞ்சா என்னா பேசுவாங்க? நாளைக்கு இவள யாரு கட்டினு போவாங்க?" என்றபோது அவர் குரல் இறங்கிவிட்டது.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்து முகம் சூடாகிவிட்டது. இரண்டு மாதம் முன்னால் மின்சுற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது இந்தப் பெண் பாவாடைப் பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் எடுத்து வாயில் போட்டாள். "பாடம் முடியற வரைக்கும் வாயைக் கட்ட முடியாதா?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி திட்டினேன். சர்க்கரை இறங்கித் தலைசுற்றினால் உடனே போட்டுக்கொள்ள டாக்டர் சொன்ன மிட்டாய் அது.

"அன்னைக்குத் திட்டினதுக்கு மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"பரவால்ல மிஸ். நீங்க திட்டுன திட்டுல தலசுத்தலே போயிருச்சி" என்று சிரித்தாள். அவள் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எங்களால் சாதாரணமாகப் பேச முடிந்தது.

"எனக்குக் கத்துக்குடுங்க. அங்க நான் போட்டுவிடறேன்" என்றேன்.

"வேணாம் மிஸ். நானே போட்டுக்கறேன்" என்றாள் மகள்.

"உன்னால ஆவாது" என்றார் அம்மா. "கை நடுங்கிச்சின்னா? அளவு தப்பிச்சின்னா?"

"நீ என்னைக்காச்சும் என்கிட்ட ஊசியக் குடுத்திருக்கியா?"

ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மாவிடமே கேட்டுப் பார்க்கலாம் என்றேன் நான்.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். ஊரில் தெரிந்துவிடும் என்று அதுவரை அந்த அம்மா அங்கே போனதே இல்லை. மருந்துக்குக்கூடத் தர்மபுரி வரை போய்வந்திருக்கிறார். நர்ஸம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இம்மாம் பக்கத்துல நா உக்காந்துனு இருக்கறேன். நீங்க தர்மபுரிக்கு ஓடினு இருக்கறீங்களா? என்கிட்ட வந்தா நா யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்று உரிமையோடு கடிந்துகொண்டார். பிறகு ஊசியில் வெறும் தண்ணீரை ஏற்றிக் கொடுத்து, பயிற்சிக்கு ஒரு தக்காளியை எடுத்து வைத்தார். முதலில் நான் குத்தினேன். கொஞ்சம் வேகமாகக் குத்திவிட்டேன் போல. தக்காளி பிளந்து சாறு நர்ஸம்மாவின் வெள்ளைக் கோட்டில் தெறித்தது.

"டீச்சர் வேணாம். பாப்பாவே போட்டுக்கட்டும்" என்றார் அவர்.

அவள் போட்டுக்கொண்டாள். தக்காளியில் இரண்டு முறை, சாத்துக்குடியில் மூன்று முறை பழகிவிட்டு, அன்றைக்கு உண்மையான ஊசியை உண்மையான அளவில் தானே தொடையில் போட்டுக்கொண்டாள். மூன்று வருடமாகத் தன் உடம்பில் பார்த்துக்கொண்டிருந்த வேலை என்பதால் எல்லாம் அவளுக்குப் பாடமாகியிருந்தது. அளவைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள், தோலைக் கிள்ளிப் பிடித்தாள், பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுத்தாள். அவள் அம்மா அந்தப் பத்து எண்ணும் வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அடுத்த வாரம் தர்மபுரி டாக்டரிடமும் கேட்டோம். மலையில் நடை அதிகம் என்பதால் மருந்து எவ்வளவு, இடையில் என்ன சாப்பிட வேண்டும், எப்போது ரத்தம் சோதிக்க வேண்டும், மயக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சோதிக்கும் கருவியை நர்ஸம்மா இரவல் தந்தார். அந்தத் தாளை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை என் பையிலும் ஒன்றை அவள் பையிலும் வைத்தேன். மூன்றாவது அவள் அம்மாவிடம் இருந்தது.

முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் கையெழுத்து வாங்க வீட்டுக்குப் போனேன். மகள் ஊசி போட்டு முடித்து, எழுந்து போய் ஊசியை அதற்கான டப்பாவில் போட்டாள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த நேரத்துல கைய எங்க வெக்கறதுன்னே தெரியலைங்க டீச்சர்" என்றார். "இந்நேரம் நா பஞ்சு எங்கன்னு தேடினு இருப்பேன், இவ எங்கயாச்சும் ஓடினு இருப்பா. இப்ப அவ பாட்டுக்குப் போட்டுனு போயிடறா."

கடிதத்தில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதினார். பேனாவை மூடித் தரும்போது, "யாருக்கும் தெரியக் கூடாதுங்க" என்றார். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை வழியனுப்ப ஊரே வந்ததுபோல் இருந்தது. மெத்தைக் கடைக்காரர் தார்ப்பாயோடு ஜமுக்காளங்களும் கொண்டுவந்து வேனின் மேலே தானே ஏறிக் கட்டினார். தாழ்ப்பாள் அம்மா வேனில் ஏறி, "ரெண்டாவது கக்கூசுலதான் தாப்பா கெட்டி, அங்கயே போங்க" என்று பெண் பிள்ளைகளுக்கெல்லாம் அறிவித்துவிட்டு இறங்கினார். வளைவுகளில் பதினோரு பேர் வாந்தி எடுத்தார்கள். எடுக்காதவர்களில் அந்த ஒல்லிப் பெண்ணும் ஒருத்தி.

பகல் முழுக்க ஓடை நீரைச் சோதித்தோம், மண்ணைச் சலித்தோம், மணிக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து எழுதினோம். சாயங்காலம் ஆறரைக்கு, எல்லோரும் தொலைநோக்கியைச் சுற்றி நின்ற நேரமாகப் பார்த்து, நானும் அவளும் பெண் பிள்ளைகளின் அறைக்குப் போனோம். ரத்தம் சோதித்தாள், தாளைப் பார்த்தாள், அளவை ஏற்றினாள். கழிப்பறைத் தாழ்ப்பாளை அவ்வளவு பாடுபட்டுப் பார்த்தோமே தவிர, இந்த அறையின் கதவைப் பூட்ட எனக்குத் தோன்றவில்லை. அவள் ஊசியைத் தொடையில் வைத்த நேரத்தில் மூன்று பெண்கள் டார்ச் விளக்கோடு தடதடவென்று உள்ளே வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் தாழ்ப்பாள் அம்மாவின் மகள்.

"வெளியே போங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, தலையைத் தூக்காமல், "சக்கரை. மூணு வருசமா இருக்குது" என்றாள். பிறகு பத்து வரை எண்ணினாள்.

"வலிக்குமாடி?"

"கொசு கடிக்கற மாதிரிதான்."

"நீயேவா போட்டுக்கற?"

"ம்."

"எனக்கெல்லாம் ஊசியப் பாத்தாலே மயக்கம் வந்துரும்" என்றாள் தாழ்ப்பாள் அம்மாவின் மகள். அப்புறம் ஒருத்தி, "சரி, சீக்கிரம் சாப்ட்டு வா, நிலாவுக்கு ரெண்டாவது ரவுண்டு போவுது. உனக்கு வரிசைல எடம் போட்டு வெக்கறோம்" என்றாள். மூவரும் ஓடிவிட்டார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். "அம்மாகிட்ட நா சொல்லிக்கறேன் மிஸ்" என்றாள். "நானும் சொல்றேன்" என்றேன். அவளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, பாறைக்கு நடந்து போய், எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். பிறகு அவள் அம்மாவைத் தனியாக அழைத்தேன். அவர் முதல் மணியிலேயே எடுத்தார். ஊசி போட்டுக்கொண்டாள், சாப்பிட்டாள் என்று சொன்னேன். மற்றதை போனில் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் காலை குளிரில் பிள்ளைகள் போர்வையைப் போர்த்துக்கொண்டே பறவை பார்க்க நடந்தார்கள். கிளம்பும் முன் எனக்கு முன்னால் எழுந்து தன் ஊசியைப் போட்டுச் சாப்பிட்டும் முடித்திருந்தாள் அவள். சோதனையில் எண் சரியாக இருந்தது. அதை என் நோட்டில் எழுதியபோது என்னை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது.

ஞாயிறு சாயங்காலம் ஊர் வந்து இறங்கியதும் அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். கதவைப் பூட்டாதது என் தவறு என்றும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மகளின் பையை வாங்கிக்கொண்டு நடந்தார். அன்று வீட்டுக்குப் போய் என் கணவர் ஆசையாக ஊற்றித் தந்த தோசையைக்கூட நான் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். முகத்தைப் பார்த்து எதையும் யூகிக்க முடியவில்லை.

"காலைல அந்தக்கா வந்தாங்க டீச்சர்" என்றார். தாழ்ப்பாள் அம்மாவைத்தான் சொன்னார். "வம்பு பேச வந்துட்டாங்கன்னு நெனச்சி நா கதவையே தொறக்கல. அவங்க ஜன்னலண்ட நின்னுனு, எங்க மாமியாருக்கு டாக்டர் இப்பதான் ஊசி எழுதிக் குடுத்திருக்கறாரு, எனக்குக் கை நடுங்குது, நீங்க வந்து சொல்லிக் குடுக்கறீங்களான்னு கேக்கறாங்க."

"போனீங்களா?"

"போவாம? அந்த மாமியாரு ஊசியப் பாத்துக் கத்துன கத்துல பாதித் தெரு கூடிருச்சிங்க. நா போட்டதே அவங்களுக்குத் தெரியல. போட்டு முடிச்சப்புறம், எப்ப போடப் போறீங்கன்னு கேக்கறாங்க" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதன்பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும் அவர்தான் அந்த வீட்டுக்குப் போய்ப் போட்டுவிட்டு, தாழ்ப்பாள் அம்மாவின் கையைப் பிடித்துப் பழக்கியும் விட்டார். மகளைப் பற்றி அந்தத் தெருவில் யாராவது ஏதாவது பேசினார்களா என்றால், பேசியிருப்பார்கள். ஆனால் எதிரில் வந்து பேச யாருக்கும் தைரியம் வரவில்லை. ரேஷன் கடையில் முதல் குரல் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பங்குனியில் ஒருநாள் பஸ்ஸில் அந்தப் பேசாத அம்மாவைப் பார்த்தேன். புதுச்சேலை, தலையில் பூ, காலடியில் ஒரு பை. பொம்மிடியில் அக்கா மகளுக்குக் கல்யாணம், முந்தின நாளே போய் ஓர் இரவு தங்கிவிட்டு வருகிறாராம். கணவர் பெங்களூரிலிருந்து வந்து மகளோடு இருந்திருக்கிறார்.

"ராத்திரியெல்லாம் போன் பண்ணினே இருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவதாங்க. எட்டு மணிக்கு. ஊசி போட்டுனேன், சாப்ட்டேன், போன வெய்யின்னுட்டா" என்றார். என் நிறுத்தம் வந்துவிட்டதால் நான் எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து ஒரு நிமிடம் நிறுத்தி, ரகசியம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்:

"நல்லா தூங்குனேங்க டீச்சர். முகூர்த்தத்துக்கு நேரமாச்சின்னு அக்கா வந்து எழுப்ப வேண்டியதாப் போச்சு."